சுவருக்கு மேலே ஒட்டிய நீல டேப்

எங்கள் வீட்டை இரண்டாகப் பிரிக்கும் சுவர் சீலிங்கைத் தொடாது. தொடுவதற்கு ஒன்றரை முழம் பாக்கி இருக்கும். அந்த ஒன்றரை முழத்துக்காக ஒரு மார்கழி மாதம் நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

பழவேற்காடு ஏரியில் தீவாகக் கிடக்கும் பசியாவரத்தில் என் மாமனார் கட்டிய வீடு அது. நீளமாக ஒரே கூடம், மேலே சிமெண்டுத் தளம், உள்ளே சுண்ணாம்பு அடித்த வெள்ளை. பழவேற்காட்டுக்குப் பாலம் வராத காலம். ஒரு மூட்டை சிமெண்டு என்றாலும் படகில்தான் தீவுக்கு வரவேண்டும். மாமனார் இருந்தவரை அவருடைய இரண்டு மகன்களும், மூத்தவருக்கு வாழ்க்கைப்பட்ட நானும், இளையவனுக்கு வாழ்க்கைப்பட்ட என் ஓர்ப்படியும் ஒரே அடுப்பில்தான் பொங்கித் தின்றோம்.

அவர் போன பிறகு சண்டை வந்தது. ஏரியில் எங்களுக்குப் பாடு உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வதுதான் பாடு. நம் முறையை விட்டால் விட்டதுதான். அப்படி ஒரு நல்ல இடம் எங்களுக்கு விழுந்த நாளில் என் கொழுந்தன் ஊரில் இல்லை. கடலுக்குப் போகும் ஃபைபர் படகு ஒன்றில் ஆள் குறைகிறது என்று போய்விட்டான். ஒற்றை ஆளாக வலை கட்ட முடியாமல், எங்கள் இடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு என் வீட்டுக்காரர் கரையிலேயே உட்கார்ந்திருந்தார். அன்று மாலை அண்ணனும் தம்பியும் வார்த்தையை விட்டார்கள். பிறகு நானும் ஓர்ப்படியும் விட்டோம். நான் சொன்னதை விடுங்கள், நன்றாகவே சொல்லியிருப்பேன். அவள் சொன்னதுதான் எனக்கு நெஞ்சில் தைத்துவிட்டது.

“மூச்சு உட முடியல, பேச்சு மட்டும் இன்னா பெருசு!” என்றாள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. பனி ஆகாது, புகை ஆகாது, கருவாட்டுத் தூசி ஆகாது. ஒன்றாக இருந்த காலத்தில் எனக்கு இழுப்பு வந்தபோதெல்லாம் முதுகைத் தேய்த்துவிட்டு, வெந்நீர் காய்ச்சி, இழுப்புக்கு மருந்து அடிக்கும் பம்பை எடுத்து என் வாயில் வைத்தவள் அவள்தான். ஊரில் வேறு யார் சொல்லியிருந்தாலும் துடைத்துப் போட்டிருப்பேன். அவள் சொன்னதால்தான் எனக்கு ஆறவே இல்லை.

பிறகு கூடத்துக்கு நடுவே சுவர் எழுந்தது. அவர்கள் வாசல் தெற்கே, எங்கள் வாசல் வடக்கே. சுவர் ஆள் உயரத்தைத் தாண்டியதும் செங்கல் தீர்ந்துவிட்டது. இன்னும் ஒரு படகு செங்கல் வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். யார் போய் யாரிடம் சொல்வது என்பதில் அப்படியே நின்றுபோனது.

அந்த இடைவெளியை முதலில் நான் வெறுத்தேன். அவள் வீட்டு நண்டுக் குழம்பு வாசனை என் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் இருமினால் அவளுக்குக் கேட்கும், அவள் செருமினால் எனக்குக் கேட்கும். ஆனால் சுவர் வைத்த முதல் மழைக்காலத்தில், ஆண்கள் தொழிலுக்குப் போயிருந்த ஒரு காலையில் எனக்கு இழுப்பு முற்றிவிட்டது. வாசல்வரை போகக்கூட முடியாமல் தரையில் சுருண்டு கிடந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சென்றது. அடுத்த நிமிஷம் அவள் தெருவில் நின்று, “மூத்தவ ஊட்ல யாராவது போய் பாருங்களேன்!” என்று கத்தினாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்து என்னைத் தூக்கினார்கள். அவள் எங்கள் வாசற்படியை மிதிக்கவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. இவள் புண்ணியத்தில் பிழைக்கவேண்டியதாகிவிட்டதே என்று. ஆனாலும் அன்றைக்கு ஒன்று புரிந்தது. என் ஒரே மகளைத் திருப்பாலைவனத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. விடிவதற்கு முன்னால் வீட்டுக்காரர் ஏரிக்குப் போய்விட்டால் வெயில் ஏறித்தான் திரும்புவார். அதுவரை என் மூச்சு நின்றால் கேட்பதற்கு அந்த ஒன்றரை முழம்தான் இருந்தது.

அடுத்த வருஷ மார்கழியில் கொழுந்தன் ஒரு நீல டேப்புடன் வந்து சேர்ந்தான். முகத்துவாரம் தூர்ந்துபோய் ஏரியிலும் கடலிலும் ஒன்றும் அகப்படாத மாதங்களில் அவன் சென்னையில் பெயிண்ட் அடிக்கும் கூட்டத்தோடு சேர்ந்துகொள்வான். போகிக்குள் தன் பக்கத்துக்குப் பிஸ்தா பச்சை அடித்துவிட வேண்டும் என்று அந்த வருஷம் முடிவு செய்திருந்தான். உப்புக் காற்றுக்குத் தாங்கவேண்டும் என்று சீலிங்குக்கும் ஆயில் பெயிண்ட்தான். நிறம் எல்லை தாண்டக் கூடாது என்பதற்காக அந்த டேப். ஒட்டி, ஓரத்தை அழுத்தி, அதுவரை அடித்து, பெயிண்ட் முழுக்கக் காய்வதற்குள் உரித்துவிட்டால் கத்தியால் வெட்டியது போல ஓரம் வருமாம். அவன் பெண்டாட்டியிடம் பெருமை பேசியதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நண்டு ஆய்ந்துகொண்டே கேட்டேன்.

ஏணி மேல் ஏறியதும் அவன் தலை மட்டும் சுவருக்கு மேலே தெரிந்தது. கீழே நான் இருப்பது தெரியாதது போலவே வேலை பார்த்தான். வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு ஒன்றை நூலில் கட்டிச் சீலிங்கிலிருந்து தொங்கவிட்டு, அது சுவரின் நடுவில் வந்து நிற்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, டேப்பை நேராக ஒட்டினான். கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தான். சும்மா சொல்லக் கூடாது, நேர்த்தியான வேலை.

என் வீட்டுக்காரர் ஏரியிலிருந்து வந்து, சாப்பிட்டு, வழக்கம்போலச் சுவரோரம் பாயை விரித்துப் படுத்தார். படுத்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

“இன்னாமே இது? நம்ம பக்கத்துல வந்து ஒட்டிகினு கீறான்?”

நானும் குனிந்து, அவர் தலை இருந்த இடத்தில் என் தலையை வைத்துப் பார்த்தேன். உண்மைதான். சுவரின் மேல் விளிம்பு ஓரிடத்தில் சீலிங்கை மறைத்தது. நீல டேப் அதுவரை போகவில்லை. டேப்பைத் தாண்டி இன்னும் ஒரு முழம் வெள்ளை தெரிந்தது. அந்த ஒரு முழமும் நமக்குச் சேர வேண்டியது, அதைத் தம்பி அமுக்கப் பார்க்கிறான் என்றார் அவர்.

“ஆமா,” என்றேன் நானும்.

இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஆனால் எங்கள் ஆட்களுக்கு எல்லை என்றால் கண்தான். ஏரியில் கோடு கிழிக்க முடியாது. கரையில் இருக்கும் ஒரு பனையையும் அதற்குப் பின்னால் தெரியும் லைட் ஹவுஸையும் ஒரே நேரில் வைத்துப் பார்த்து, அந்த நேர் போகும் வழிதான் எல்லை என்பார்கள். தலைமுறையாக ஒரு சாண் பிசகாது. அதே கண்ணால்தான் என் வீட்டுக்காரர் சுவர் விளிம்பையும் சீலிங்கையும் நேர் பிடித்தார். தண்ணீரில் குறி பார்க்கிறவன் அந்தக் கோட்டின் மேலேயே படகில் நிற்கிறான், பாயில் படுத்திருப்பவன் கோட்டுக்கு ஒரு பக்கமாகக் கிடக்கிறான் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அவர் அரிசி டிரம்மின் மேல் ஏறினார். படகு இன்ஜின் ஒயருக்குச் சுற்றும் கறுப்பு டேப்பை எடுத்து, தம்பியின் கோட்டுக்கு ஒரு முழம் அந்தப் பக்கமாக எக்கி எக்கி ஒட்டிவிட்டு இறங்கினார்.

சாயங்காலம் கொழுந்தன் தன் கட்டிலில் மல்லாந்து படுத்து இதைப் பார்த்திருக்கிறான். முதலில் கெட்ட வார்த்தைகள் வந்தன. பிறகு பெண்டாட்டியிடம் சொன்னது கேட்டது.

“நானே ஏமாந்துட்டேன்டி. இங்கேருந்து பாரு. நான் ஒட்டுன டேப்புக்கு அந்தாண்ட ஒரு முழம் நம்முது தெரியுது. அண்ணனுக்கு சும்மாவே உட்டுக் குடுத்துட்டேன்!”

தானே தொங்கவிட்ட ஈயக் குண்டை நம்பாமல் அவனும் கண்ணை நம்பினான். மறுநாள் காலையில் எங்கள் பக்கமாக ஒரு முழம் தள்ளி இன்னொரு நீல டேப் ஏறியது. ஆக, சீலிங்கில் மூன்று கோடுகள். பகல் முழுக்க ஏணியை விட்டு இறங்காமல், கறுப்பையும் பழைய நீலத்தையும் கண்டுகொள்ளாமல் அவற்றின் மேலேயே அடித்துக்கொண்டு, புது நீலம்வரை பச்சையைக் கொண்டுவந்து நிறுத்தினான். என் தலைக்கு மேலே ஒரு முழ அகலத்துக்குப் பிஸ்தா பச்சை.

என் வீட்டுக்காரர் வந்து அண்ணாந்து பார்த்ததும் டிரம்மில் ஏறினார். அந்தப் பக்கம் ஏணியில் கொழுந்தன். சுவருக்கு மேலே இரண்டு தலைகள், இரண்டுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அந்தக் காலத்தில் பழவேற்காட்டில் கோட்டை கட்டிய டச்சுக்காரன்கூட அதை இப்படிக் காத்திருக்க மாட்டான்.

“பாட்ட உட்டவன் இப்ப சீலிங்குல வந்து பாடு கேக்கறியா?”

“ஒனக்கு குருட்டுக் கண்ணு. இங்க வந்து பட்து பாரு, தெரியும்!”

“ஒன் ஊட்டுக்கு நான் இன்னாத்துக்குடா வரணும்?”

“அப்ப பேஜாரே வேணாம். மேல வரைக்கும் அடைச்சிடறேன். எவன் கலரு எவனுக்குத் தெரியப் போவுது?”

“அடைடா! நீ அடைச்சாதான் எனக்கு நிம்மதி!”

இரண்டு தலைகளும் இறங்கின. நான் அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். அவரிடம் எப்படிச் சொல்வது? எனக்குச் சுவருக்கு மேலே அந்தச் சந்து வேண்டும் என்றால், எனக்கு அவள் வேண்டும் என்று சொன்னதாகிவிடும். சோறு போடும்போது பொத்தாம்பொதுவாகக் கேட்டேன்.

“எனக்கு இயுப்பு வந்தா இன்னாயா பண்றது?”

“நான் இல்ல?”

“நீ ஏரியில இருப்ப.”

அவர் தட்டிலிருந்து நிமிரவில்லை. “அவ வந்து ஒன்னக் காப்பாத்தணுமா? அந்த வாயால அவ சொன்னது மறந்துட்ச்சா?” என்றார்.

மறக்கவில்லை. அதனால் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்று முழுக்க அவர்மேல் எரிச்சல், கொழுந்தன்மேல் எரிச்சல், எல்லாரையும்விட என் மேல்தான் அதிகம்.

மறுநாள் ஹாலோ பிளாக் கற்கள் படகில் வந்து இறங்கின. கொழுந்தன் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து தன் பக்கம் சுவரோரமாக அடுக்கினான். தொம், தொம் என்று ஒவ்வொரு கல் உட்காரும்போதும் எனக்கு இந்தப் பக்கம் மார்பில் விழுந்தது போல இருந்தது. கொத்தனார் அடுத்த நாள் வருவதாகப் பேச்சு. சண்டை மும்முரத்தில் டேப்பை உரிக்கவேண்டியதையே அவன் மறந்துபோனான். மார்கழிப் பனியில் ஆயில் பெயிண்ட் காயவும் இல்லை. குளிருக்குக் கதவைச் சாத்தினால் அந்த நெடி இரண்டு வீட்டையும் பிடித்துக்கொண்டது. நான் பம்பை அடிக்கடி எடுத்தேன். உலுக்கிப் பார்த்தால் அது காலியாகிக்கொண்டு வருவது தெரிந்தது.

கொத்தனார் வரவேண்டிய நாள் விடிந்தது. என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் அவரவர் வழியில் தொழிலுக்குப் போயிருந்தார்கள். அவர் போனதும் உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் படுத்திருந்த நான் அடுப்பு மூட்ட எழுந்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் மார்பு இறுகியது. பம்பை வாயில் வைத்து அழுத்தினேன். காற்றுதான் வந்தது. மறுபடி அழுத்தினேன். அதுவும் வரவில்லை.

தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முன்னால் ஊன்றிக்கொண்டேன். வெளியே விட்ட மூச்சு விசில் போலக் கீச்சிட்டது. அந்தச் சத்தம் மேலே போகும், சந்தைத் தாண்டும், அவளுக்குக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். கேட்கட்டும் என்று ஒரு மனசு. கேட்கக் கூடாது என்று இன்னொரு மனசு. நீங்கள் நம்பமாட்டீர்கள், நான் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டேன். சாகிற நிலையிலும் அவ்வளவு வீம்பு. ஆனால் துணிக்குள் மூச்சு போகவில்லை. துப்பிவிட்டேன். கண்ணுக்கு முன்னால் பச்சை நிறம் மங்கிக்கொண்டே போனது. உதடு மரத்துப்போனது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன், குரல் எழும்பவில்லை. அப்போது இழுப்புச் சத்தமும் அடங்கிப்போனது. இழுப்புக்காரர்களுக்குத் தெரியும், சத்தம் நிற்பதுதான் பயம்.

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சென்றது.

“ஏய்,” என்றாள் அவள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிட்டது அப்படித்தான். “ஏய், இன்னா பண்ற?”

நான் தரையைக் கையால் தட்டினேன். அவளுக்குக் கேட்டதோ இல்லையோ. அவள் வீட்டுக் கதவு திறந்தது, ஓடும் சத்தம், என் கதவு அதிர்ந்தது.

“கதவத் தொற! அக்கா, தாப்பாளத் தொற!”

தாழ்ப்பாள் என் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. நான் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டேன். கதவை இரண்டு தடவை முட்டினாள். மாமனார் போட்ட கதவு, அசையவில்லை. பிறகு அங்கே சத்தம் இல்லை. போய்விட்டாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்த நேரத்தை இப்போதும் என்னால் தாங்க முடியாது.

சுவருக்கு அந்தப் பக்கம் கற்கள் உரசின. அடுக்கி வைத்திருந்த ஹாலோ பிளாக்கின் மேல் அவள் ஏறிக்கொண்டிருந்தாள். ஒரு கை சுவர் விளிம்பைப் பிடித்தது. அப்புறம் தலை. அப்புறம் முனகிக்கொண்டே ஒரு காலைத் தூக்கிப் போட்டுச் சுவரின் மேல் குதிரை ஏறியது போல உட்கார்ந்தாள். ஒன்றரை முழத்துக்குள் அவளால் நிமிர முடியவில்லை. முதுகும் தலையும் சீலிங்கில் தேய்ந்தன. ஈரப் பச்சை கூந்தலெல்லாம் அப்பிக்கொண்டது, கறுப்பு டேப் பிய்ந்து தோளில் தொங்கியது. ஒரு கணம் அப்படியே உட்கார்ந்து மேலே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அரிசி டிரம்மின் மேல் குதித்தாள். டிரம் உருண்டது, அவளும் உருண்டாள். எழுந்தபோது ஒரு காலைத் தாங்கித் தாங்கி வைத்தாள்.

தாழ்ப்பாளைத் திறந்துபோட்டு, என்னை நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக் கத்தினாள். பெண்கள் ஓடி வந்தார்கள். ஆண்கள் யாரும் கரையில் இல்லை. துறையில் சின்னப் படகு ஒன்றுதான் கட்டிக் கிடந்தது. என்னை அதில் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரி ஒரு கழியும் இவள் ஒரு கழியுமாக ஊன்றித் தள்ளினார்கள். நான் படகின் அடியில் கிடந்து வானத்தைப் பார்த்தேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தள்ளலுக்கும் அவள், “இயுத்து உடு, இயுத்து உடு,” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கழிக்குச் சொல்கிறாளா எனக்குச் சொல்கிறாளா என்று தெரியாது. நான் எனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டு இழுத்து விட்டேன்.

பழவேற்காடு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூக்குக்கும் வாய்க்கும் சேர்த்துக் குப்பி போல ஒன்றை மாட்டி, மருந்துப் புகை வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மார்பு திறந்தது. அவள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தலையில் பிஸ்தா பச்சை அப்பி, முகமெல்லாம் கலீஜு. கணுக்கால் வீங்கியிருந்தது. நர்சம்மா அவளைத்தான் நோயாளி என்று முதலில் நினைத்தார்.

“இப்ப ஒன்னால பேச முடியாது இல்ல?” என்றாள். “நான் பேசறேன், கேளு.”

நான் குப்பிக்குள்ளிருந்து பார்த்தேன்.

“அன்னிக்கி சொன்னேனே, மூச்சு உட முடியலன்னு. வாய்ல வந்துட்ச்சி, சொல்லிட்டேன். அந்த நாள்ளேருந்து ஒன் மூச்சத்தான் கேட்டுக்கினு கெடக்கறேன். நீ கொறட்ட உட்டாதான் எனக்குத் தூக்கம் வருது. இன்னிக்கி சத்தம் நின்னுட்ச்சி. அதான் எய்ந்தேன்.”

எனக்குக் கண்ணீர் வந்து குப்பியின் ஓரத்தில் இறங்கியது. அவள் அதைத் தன் முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தில் பச்சை ஒட்டியது.

“இன்னொண்ணு,” என்றாள். “நான் செவுத்து மேல ஒக்காந்தப்போ பாத்தேன். அந்த மொத டேப்பு இருக்குதே, அது சரியா என் தல உச்சிக்கு நேரா ஓடுது. அதான்கா நேரு. மத்த ரெண்டும் தப்பு. இந்த ரெண்டு பேரும் பட்துக்கினு பாத்தாங்க, செவுத்து மேல ஏறி ஒருத்தனும் பாக்கல.”

ஆண்கள் இரண்டு பேரும் விஷயம் கேள்விப்பட்டுத் தனித்தனிப் படகில் வந்து சேர்ந்தார்கள். என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஈர லுங்கியோடு, கையில் பிடித்த துண்டை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். ஓர்ப்படி அவரிடம் நேரடியாக எதுவும் சொல்லவில்லை. தன் புருஷனைப் பார்த்துத்தான் சொன்னாள், இரண்டு பேருக்கும் கேட்கும்படி.

“கொத்தனார வரச் சொல்லு. மேல வரைக்கும் அடை. அப்பறம் இவ மூச்சு நின்னா எனக்கு எப்படித் தெரியும்னு நீயே சொல்லிட்டுப் போ.”

கொத்தனார் அன்று வந்து, வீட்டில் யாரும் இல்லாமல் திரும்பிப் போனதாகப் பிறகு தெரிந்தது. அவரை மறுபடி யாரும் கூப்பிடவில்லை.

நான் வீடு திரும்பிய அன்று சாயங்காலம் ஓர்ப்படி அவர்கள் இருவரையும் சுவரின் மேல் ஏறி உட்கார வைத்தாள். தாடி நரைக்கத் தொடங்கிய இரண்டு ஆம்பளைகள், ஒருவருக்குப் பின் ஒருவராக, முதுகை வளைத்து, கழுத்தைத் திருப்பி, சீலிங்கில் பச்சைக்கு அடியில் மேடிட்டுத் தெரிந்த முதல் டேப்பைப் பார்த்தார்கள். மன்னிப்பு, கின்னிப்பு ஒன்றும் இல்லை. “ஈயக் குண்டு போட்டியா?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். “போட்டேண்ணா,” என்றான் அவன். அவ்வளவுதான் பேச்சு.

பிறகு கொழுந்தன் டேப்புகளை உரித்தான். நாள் கடந்து இறுகிப்போயிருந்த பெயிண்ட் சுண்ணாம்பையும் பெயர்த்துக்கொண்டு பொடிப்பொடியாக வந்தது. சுவருக்கு நேர் மேலே ஒரு பட்டை சிமெண்டு வெறுமையாகத் தெரிந்தது. எங்கள் பக்கம் வந்த பச்சையையும் அவன் பக்கத்தில் அவள் முதுகு தேய்ந்த தடத்தையும் சரிசெய்கிறேன் என்றான். இருக்கட்டும், பொங்கல் கழியட்டும் என்று நான்தான் சொன்னேன். இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

அதற்காக நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு வாழ்கிறோம் என்று நினைக்க வேண்டாம். அடுப்பு இரண்டுதான். நண்டுக் குழம்பில் அவள் புளியை அள்ளிக் கொட்டுகிறாள் என்று நானும், எனக்கு வாய் குறையவே இல்லை என்று அவளும் சுவருக்கு மேலாகவே சொல்லிக்கொள்கிறோம்.

பொங்கல் முடிந்த வாரம், நான் வெளியே போய்விட்டு வந்தபோது என் வீட்டுக்காரர் எங்கள் பக்கம் சுவரோரமாகக் குந்தியிருந்தார். தம்பியின் ஹாலோ பிளாக்கில் பாதியைத் தூக்கிவந்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி, சிமெண்டு பூசிக்கொண்டிருந்தார். அரிசி டிரம் மூலைக்குப் போயிருந்தது. கூடத்துக்குள் எதற்குப் படிக்கட்டு என்று எனக்கு விளங்கவில்லை.

“இது இன்னாத்துக்குயா? மூச்சு முட்டும்போது நான் எங்க இது மேல ஏறப் போறேன்?”

அவர் கரண்டியால் சிமெண்டை வழித்து, கல்லின் ஓரத்தைச் சமன் செய்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஒனக்கு இல்லமே,” என்றார். “அவ எறங்கறதுக்கு.”